எக்ஸ்பியில் கிடக்கும் ஃபைலைப் புது மெஷினுக்குக் கொண்டுவருவது: பிழை எண்ணைப் பிடித்துக்கொண்டு போன வழி

ஸ்கேனருக்குப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கான டிரைவர் மட்டும்தான் இருக்கும். இல்லையென்றால் கடைசல் இயந்திரத்தின் சாஃப்ட்வேர் அதற்கு மேல் எதிலும் ஓடாது. அதனால்தான் எக்ஸ்பி மெஷின் ஒன்று இன்னும் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதிலுள்ள ஃபோல்டரை விண்டோஸ் 10, 11 மெஷினிலிருந்து திறக்கும்போது வருகிற சிக்கல்களும் அவற்றைத் தீர்த்த வரிசையும் இங்கே.

முதலில் எக்ஸ்புளோரரை மூடுங்கள். அது எந்தக் கோளாறுக்கும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் காட்டும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் யூஸ்' அடித்து, இரண்டு பின்சாய்கோடு, எக்ஸ்பியின் ஐபி முகவரி, மறுபடி ஒரு பின்சாய்கோடு, ஷேரின் (நெட்வொர்க்கில் பகிர வைத்த ஃபோல்டரின்) பெயர் என்று கொடுத்தால் பிழை எண் வரும். 53 என்றால் அந்த மெஷினையே எட்ட முடியவில்லை. 67 என்றால் மெஷின் கிடைத்தது, ஷேரின் பெயர் தப்பு. 1326 யூசர் நேம் அல்லது பாஸ்வேர்ட் கோளாறு. 5 வந்தால் உள்ளே நுழைந்தாகிவிட்டது, அனுமதிதான் இல்லை. 53 வரும்போது பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

53-இலிருந்து தொடங்குவோம். இரண்டு மெஷினிலும் 'ஐபிகான்ஃபிக்' பாருங்கள். ஒன்றில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் ரவுட்டரிடமிருந்து அதற்கு ஐபி கிடைக்கவில்லை. கேபிளையும் நெட்வொர்க் கார்டையும் கவனியுங்கள். அடுத்து எல்லோரும் பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடிப்பார்கள். பதில் வராவிட்டால் கேபிள் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஃபயர்வாலே பிங்கைத் தடுக்கும். பிங் அடித்த கையோடு 'ஆர்ப்', ஓர் இடைவெளி, '-ஏ' என்று கொடுங்கள். பட்டியலில் எக்ஸ்பியின் ஐபிக்கு நேரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரிந்தால் கம்பி சரி, தடை ஃபயர்வாலில். எக்ஸ்பி ஃபயர்வாலின் எக்ஸப்ஷன்ஸ் டேபில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' டிக் ஆகியிருக்க வேண்டும். டிக் இருந்தாலும் அது தன் சப்நெட்டுக்குள், அதாவது தன் ஐபி வரிசைக்குள், மட்டும்தான் வழிவிடும். புது மெஷின் இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் வேறு ஐபி வரிசையில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து இணையாவிட்டால், அல்லது 384 என்ற எண் வந்தால், காரணம் எஸ்எம்பி 1. எஸ்எம்பி என்பது விண்டோஸ் மெஷின்கள் ஃபைல் பகிரப் பேசிக்கொள்ளும் நெறிமுறை, 1 அதன் பழைய பதிப்பு. எக்ஸ்பிக்குத் தெரிந்த எஸ்எம்பி அது ஒன்றுதான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் புதிதாக நிறுவும்போது பல எடிஷன்களில் அது முழுமையாக உள்ளே வருவதில்லை. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 வரியை விரித்தால் மூன்று டிக் பெட்டிகள் இருக்கும். கிளையன்ட் (ஷேரைத் தேடிப் போகும் பக்கம்) மட்டும் போதும். சர்வரை (ஷேரைக் கொடுக்கும் பக்கம்) தொடவே வேண்டாம். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) நுழைந்தது எஸ்எம்பி 1 சர்வரில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் எக்ஸ்பியில் ஷேர் வைத்து, புது மெஷினிலிருந்து இழுப்பதுதான் சரியான திசை. புதுசில் ஷேர் வைத்து எக்ஸ்பியிலிருந்து தள்ளப் பார்த்தால் நல்ல மெஷினிலும் அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் வெளியிட்டது, அதையும் போட்டுவிடுங்கள். மீதியுள்ள பெட்டியான 'ஆட்டோமேட்டிக் ரிமூவல்' டிக்கை எடுத்துவிடுங்கள். இருந்தால், 15 நாள் பயன்படுத்தாமல் விட்டதும் விண்டோஸ் தானாகவே கிளையன்டை நீக்கிவிடும். "போன மாசம் வேலை செஞ்சுது, இப்ப இல்ல" என்பதற்குப் பெரும்பாலும் இந்த டிக்தான் காரணம்.

1326-இல்தான் நேரம் அதிகம் போகும். எக்ஸ்பி புரோவில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ டேபின் அடியில் 'யூஸ் சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று இருக்கும். அந்த டிக் இருக்கும்வரை வெளியிலிருந்து யார் வந்தாலும், என்ன பெயர் கொடுத்தாலும், கெஸ்ட்டாகத்தான் (பெயரில்லாத விருந்தாளியாக) நடத்தும். டிக்கை எடுத்துவிட்டு, ஷேருக்கென்றே ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி அதற்குப் பாஸ்வேர்டும் வையுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுண்டை நெட்வொர்க் வழியாக எக்ஸ்பி உள்ளே விடாது. அப்போது வரும் எண் 1327. ஹோம் எடிஷனில் இந்த டிக்கே கிடையாது, அங்கே எப்போதும் கெஸ்ட்தான்.

யூசர் நேமை வெறுமனே கொடுக்காமல், எக்ஸ்பியின் கம்ப்யூட்டர் பெயர், பின்சாய்கோடு, யூசர் நேம் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 10 தன் சொந்த மெஷினின் பெயரை முன்னால் ஒட்டி அனுப்பும். முன்பு சேமித்த தப்பான பாஸ்வேர்ட் கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் இடம்) இருந்தால் உங்களைக் கேட்காமலே அது போய்விடும், அதை அழியுங்கள். 1219 வந்தால் அதே மெஷினோடு வேறு பெயரில் ஏற்கனவே ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. 'நெட் யூஸ்', நட்சத்திரக் குறி, '/டெலிட்' என்று கொடுத்து எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப இணையுங்கள்.

பெயர், பாஸ்வேர்ட் இரண்டும் சரி, ஆனாலும் 1326 என்றால் எக்ஸ்பியின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போன மெஷின், மின்சாரம் போய் வந்ததும் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். விண்டோஸ் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையான என்டிஎல்எம்வி2 லாகின், நேரத்தையும் சேர்த்துத்தான் சரிபார்க்கும்; இரண்டு கடிகாரமும் ரொம்ப விலகியிருந்தால் சரியான பாஸ்வேர்டும் செல்லாது. தேதியை மட்டும் திருத்தினால் அடுத்த மின்வெட்டு வரைதான் தாங்கும், பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 புரோ பதிப்பில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு எஸ்எம்பி பாக்கெட்டிலும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்று அது கேட்கும், எக்ஸ்பி வழக்கமாகப் போடாது. புதுசில் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட எக்ஸ்பி புரோவின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில், மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர் என்று தொடங்கும் வரிகளில், 'இஃப் கிளையன்ட் அக்ரீஸ்' என்று முடிவதை எனேபிள் செய்வதுதான் நல்லது.

5 வந்தால் வேலை கொஞ்சம்தான். ஷேரிங் டேபின் பெர்மிஷன், செக்யூரிட்டி டேபின் பெர்மிஷன் இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். எக்ஸ்பி ஷேரில் எவ்ரிஒன்னுக்கு வழக்கமாக ரீட் மட்டுமே இருக்கும். எழுதவும் வேண்டுமானால் இரண்டு இடத்திலும் சேஞ்ச் அல்லது மாடிஃபை கொடுங்கள். செக்யூரிட்டி டேபே தெரியவில்லையா? சிம்பிள் ஷேரிங் இன்னும் டிக்கில் இருக்கும், அல்லது டிரைவ் ஃபேட்32 (பழைய டிஸ்க் ஃபார்மட்). ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலும் அதில் ஏறாது.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்து, ஆன்டிவைரஸ் போட்ட பிறகு 1130, அதாவது சர்வரில் போதிய ஸ்டோரேஜ் இல்லை என்ற பிழை வந்தால் ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள். எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) லான்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் என்ற இடத்தில் ஐஆர்பிஸ்டாக்சைஸ் என்று ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்குங்கள். ஐ, ஆர், பி, ஸ்டாக்கின் எஸ், சைஸின் எஸ் மட்டும் பெரிய எழுத்து. மாறினால் வேலை செய்யாது. அது இல்லாதபோது மதிப்பு 15. டெசிமலில் 18 வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், போதாவிட்டால் மும்மூன்றாகக் கூட்டுங்கள். 71 என்றால் ஒரே நேரத்தில் இணைந்தவர்கள் அதிகம்: புரோவில் 10, ஹோமில் 5 பேர்தான்.

கடைசியாக எக்ஸ்பிக்கு ஐபியை நிலையாகக் கொடுத்து, டிஃபால்ட் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். உள் நெட்வொர்க்கில் ஃபைல் வழக்கம்போல் போய்வரும், இன்டர்நெட்டுக்கு மட்டும் வழி இருக்காது. புது மெஷினில் டிரைவ் மேப் செய்யும்போதும் கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் இந்த ஐபியையே கொடுத்துவிடுங்கள்.