தண்ணீர் போகும் வழியும் ஆட்கள் போகும் வழியும்

எங்கள் சிறு நகரத்தின் பஸ் நிலையத்துக்குப் பின்னால், லொறி கராஜ் மூடப்பட்டதிலிருந்து பற்றை மண்டிக் கிடக்கும் அரை ஏக்கர் நிலத்தில் பொதுப் பூங்கா அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கூட்டத்துக்கு வந்த பலரும் நுவரெலியா விக்டோரியா பூங்காவை மனதில் வைத்துக்கொண்டே பேசினார்கள். 1897இல் மகாராணியின் வைரவிழாவையொட்டிப் பெயர் பெற்ற அந்தப் பூங்கா ஏறத்தாழ 27 ஏக்கர் பரப்புள்ளது, பெரும்பாலும் சமதரை. எங்கள் நிலமோ மேல்வீதியிலிருந்து கீழ்வீதிக்கு 30 அடி இறங்கும் சரிவு.

முதலில் கைக்கு வந்த வரைபடத்தில் நடுவே நீரூற்றும் சுற்றிலும் புல்தரையும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் மேலேயிருந்து வரும் மழைநீர்க் கானும், தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்கள் பஸ்ஸுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் அதில் இல்லை. வெயில் நாளில் வந்து அளந்திருப்பார்கள் போலும்.

ஆகவே நாங்கள் சிலர் நல்ல மழை நாள் ஒன்றில் குடையுடன் நிலத்தைச் சுற்றி வந்தோம். கராஜின் உடைந்த கொங்கிரீட் தரைக்கு மேலே கான் அடைபட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு அப்பாயி வாசலில் நின்றபடியே, "தம்பி, அந்தக் கானை மூடிட்டு பார்க் கட்டுனீங்கன்னா, தண்ணி எங்க குசினிக்குள்ளதான் வரும்" என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்காத எவருக்கும் அந்தப் பேச்சு வேடிக்கையாகப் படாது. சரிவில் ஊறும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுவதோடு அதன் பிடிப்பையும் தளர்த்திவிடுகிறது. எனவே கானை முதலில் திறந்து கல் பதிக்க வேண்டும். தாங்குசுவர் எழுப்பினால் பின்னால் தேங்கும் நீர் வெளியேற இடையிடையே குழாய் விட வேண்டும். சுவர் தேவைப்படாத இடங்களில், 10 அடி ஆழம் வரை வேர்விடக்கூடிய வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் நெருக்கமாக நட்டாலே போதும். எங்கள் மாவட்டத்தில், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அனுமதியின்றி எதையும் கட்ட முடியாது என்பதைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அது நிம்மதி.

பாதை விடயத்தில்தான் நெடுநேரம் வாதாடினோம். ஆறங்குலப் படிகளாக வைத்தால் 60 படிகள். கொழுந்துக்கூடை சுமந்த முதுகுக்கும் முழங்கால் வலிக்கும் அது ஆகாது. சக்கர நாற்காலியும் ஏறத்தக்கதாக 12 அடிக்கு ஓர் அடி வீதம் உயர்த்தினாலோ 360 அடி நீளம் வேண்டும், அதாவது பூங்காவே பாதையாகிவிடும். ஆகட்டுமே என்பது என் கட்சி. பாதையை வளைத்து வளைத்து இறக்கி, திருப்பங்களில் சமதளமும் ஒரு வாங்கும் வைத்தால், நடப்பவர்களுக்கு இளைப்பாற இடமும் கிடைக்கிறது. அவசரக்காரர்களுக்குப் பழைய ஒற்றையடிப் பாதையிலேயே படி கட்டிவிடலாம்.

நிழல் மரங்கள் வேண்டும் என்று கேட்டவர்களிடம், பனியும் தூறலும் உள்ள இந்த ஊரில் நாம் தேடுவது வெயிலைத்தானே என்று கேட்டேன். வாங்குகள் காலை வெயிலைப் பார்க்கட்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒதுங்க ஒரு தகரக் கூரை போதும். கராஜ் எண்ணெய் ஊறிய மண்ணில் கீரை போடும் யோசனையைக் கைவிட்டோம். பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்குக் கீழ்ப்பக்கம் வலை கட்டாவிட்டால், ஒவ்வொரு பந்தும் அப்பாயியின் கூரைக்குத்தான் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை முளை அடித்துத் தும்புக்கயிறு கட்டி, வளைவுகளை நிலத்தில் அடையாளமிட்டோம். திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தபோது, ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே கிடந்த கயிற்றை மட்டும் யாரோ அவிழ்த்து, பக்கத்து முளையில் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார்கள்.