கொலஸ்ட்ரால் மாத்திரை, தொடை வலி, கூடவே இருந்த தைராய்டு

போன வருஷம் சுகர் செக்கப்போட எடுத்த டெஸ்ட்ல எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 178னு வந்துச்சு. எனக்கு சுகர் இருக்கு, எங்கப்பாவுக்கு அம்பது வயசுக்குள்ளயே அட்டாக் வந்துச்சு, ரெண்டையும் கேட்டதும் ஸ்டாட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை வகையில அட்டார்வாஸ்டாட்டின் 20 ராத்திரி ஒண்ணுன்னு எழுதிட்டாங்க. முதல்ல ஒண்ணும் தெரியல. ஒரு மாசம் தாண்டுனப்புறம் ரெண்டு தொடையும் கனத்து வலிக்க ஆரம்பிச்சுது. மூட்டு இல்லங்க, சதை. தரையில உக்காந்து காய் நறுக்கிட்டு எந்திரிக்கணும்னா ஒரு கைய சுவத்துல ஊனி, இன்னொரு கைய முட்டில அழுத்தித்தான் எந்திரிக்கணும், டவுன் பஸ்ல கம்பிய புடிச்சு உடம்ப மேல இழுக்கணும், கொடியில துணி போட கைய தூக்குனா தோள்பட்டை விட்டுப்போயிரும்.

எங்க மதினி "அந்த மாத்திரைய முதல்ல தூக்கிப் போடு, கிட்னி போயிரும், பூண்டு பால் குடி"ன்னாங்க. மாத்திரை எழுதிக்கொடுத்த எடத்துல போய் சொன்னா ரெண்டே நிமிஷம், வயசாயிருச்சுல்ல, கால்சியம் போடுங்கன்னு அனுப்பிட்டாங்க. அது எனக்கு இன்னும் ஆத்திரம்தான். அப்பாவ நினைச்சா மாத்திரைய நிறுத்தவும் பயம், வலியோட இருக்கவும் முடியல, அதனால வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன்.

அவங்க கேட்ட கேள்விகள அப்படியே சொல்றேன், யாருக்காவது உதவும். வலி ரெண்டு பக்கமுமா ஒரு பக்கமா, மாத்திரை ஆரம்பிச்சு எவ்வளவு நாள் கழிச்சு வந்துச்சு, நடுவுல சளிக்கு இன்ஃபெக்ஷனுக்குன்னு கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் எதுவும் எடுத்தீங்களா (அது சேந்தா ரத்தத்துல அட்டார்வாஸ்டாட்டின் அளவு எகிறிருமாம்), யூரின் கடுங்காப்பி கலர்ல போச்சா. கடைசி கேள்விதான் முக்கியம், அப்படி போனா தசை உடைஞ்சு கிட்னிய பாதிக்குதுன்னு அர்த்தம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஆனா அது ரொம்ப அபூர்வம்னாங்க. சிபிகே (தசை பாதிப்ப காட்டுறது), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), வைட்டமின் டி, எஸ்ஜிபிடி (லிவருக்கு)னு ரத்த டெஸ்ட் எழுதிக்கொடுத்தாங்க. டெஸ்டுக்கு முன்னாடி கனமான வேலை, எக்சர்சைஸ் வேணாம், இடுப்புல ஊசி போட்டாக்கூட சிபிகே ஏறும்னு சொன்னது எனக்கு புது விஷயம்.

சிபிகே 640, அந்த லேப்ல 200க்குள்ள இருக்கணும். டிஎஸ்ஹெச் 24! அது இப்படி ஏறியிருந்தா தைராய்டு கம்மியா சுரக்குதுன்னு அர்த்தம். தைராய்டு கம்மியா இருந்தா லிவர் ரத்தத்துல இருக்குற எல்டிஎல்ல சரியா எடுக்காது, அதனால கொலஸ்ட்ரால் தானா ஏறும், தசை வலியும் சிபிகேவும் அதுலயே வரும், அதுக்கு மேல ஸ்டாட்டினும் சேந்தா தசை தாங்காது. இத ஆரம்பத்துலயே ஒரு ரத்த டெஸ்ட்ல பாத்திருக்கலாம்.

அட்டார்வாஸ்டாட்டின நிறுத்தி, காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை தைராக்சின் 50 ஆரம்பிச்சாங்க, கால்சியம் மாத்திரைய நாலு மணி நேரம் தள்ளித்தான் போடணும்னு கறாரா சொன்னாங்க. வலி ஒரேயடியா போகல, மெதுமெதுவா ஒருநாள் சுவத்த தொடாம எந்திரிச்சதே எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. தைராய்டு கட்டுக்குள்ள வந்தப்புறம் கொலஸ்ட்ரால் மாத்திரையே இல்லாம எல்டிஎல் 141க்கு இறங்கிருச்சு. ஆனா சுகர்காரங்களுக்கு அது பத்தாது.

திரும்ப ஸ்டாட்டினா? எனக்கு பக்குன்னுச்சு. அதே வகையில வேற மாத்திரை, ரோசுவாஸ்டாட்டின் 5 மட்டும் போதும், ஆரம்பிக்கிற சின்ன டோஸ்லயே எல்டிஎல் பெரும்பகுதி குறையும், அப்புறம் டோஸ ரெண்டு மடங்காக்குனாலும் கூடுதலா ஆறு சதவீதம்தான் குறையும்னு சொன்னாங்க. லண்டன்ல பக்கவிளைவுன்னு ஸ்டாட்டின விட்ட 60 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்து 2020ல வந்துச்சாம், மருந்தே இல்லாத மாத்திரை குடுத்த மாசங்கள்லயும் கிட்டத்தட்ட அதே தொந்தரவு, 90 சதவீதம் அளவுக்கு. அவங்க தொந்தரவு பொய்யில்ல, நிஜமாவே இருந்துச்சு, காரணம் மட்டும் பெரும்பாலும் மருந்து இல்ல. பயத்தோட இருக்குறவங்க கிட்ட இத பொறுமையா சொல்ற டாக்டர் கிடைக்கிறது பெரிய விஷயம்ங்க.

இப்ப எல்டிஎல் 82, சிபிகே நார்மல், தொடை வலி இல்ல. ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) மட்டும் 6.9ல இருந்து 7.1 ஆயிருக்கு, ஸ்டாட்டின் சுகர லேசா ஏத்தலாம்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க, அதனால சாயங்காலம் நடக்குறத கூட்டியிருக்கேன். எல்டிஎல் 70க்கு கீழ வரணுமாம், டோஸ ஏத்தாம எசிட்டிமைப் 10ங்கிற வேற வகை கொலஸ்ட்ரால் மாத்திரைய சேக்கலாமான்னு அடுத்த ரிப்போர்ட் பாத்துட்டு முடிவு பண்றேன்னிருக்காங்க.