அம்புக்குறி மேல் ஒரு எழுத்து

"அடுத்த வாக்கியத்துல 'இந்த வரிசை'ன்னு சொல்றாரே அண்ணா, வரிசை எங்க?" என்று, கணிதக் கட்டுரைகளை அச்சுக்கு அமைக்கும் எங்கள் ஆபீசுக்கு ஓசூரிலிருந்து வந்துபோகும் அந்தப் பெண், கட்டுரையாசிரியரின் வரி ஒன்றைக் காட்டிக் கேட்டாள். "நாம மாத்தினது ஸ்டைல்தான்மா, கணக்கு இல்ல" என்றேன். பதில் சரிதான் என்று இப்போதும் வாதாடுவேன், ஆனாலும் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

ஆசிரியர் எழுதியிருந்தது இது: ஏ-யிலிருந்து பி-க்கு ஓர் அம்பு, அதன் மேல் எஃப். அங்கிருந்து சி-க்கு இன்னொன்று, அதன் மேல் தொப்பி வைத்த ஜி. எல்லாம் பத்திக்கு நடுவில், ஓடுகிற வரியிலேயே. நாங்கள் அச்சமைக்கும் டெக் (TeX) மென்பொருளில் எக்ஸ்ரைட்ஏரோ என்ற கட்டளை போட்டால் மேலே இருப்பதன் அகலத்துக்கு அம்பு நீளும், அதில் சிக்கல் இல்லை. உயரம்தான் பிரச்சினை. மேல் வரியில் இடித்துவிடுமென்றால் டெக் அந்த வரியைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடும். பக்கத்தில் அங்கே மட்டும் வெள்ளை பளிச்சென்று தெரியும், தரம் பார்க்கும் க்யூசி முதலில் வட்டம் போடுவது அதைத்தான். ஸ்மாஷ் என்ற கட்டளை போட்டால் டெக் உயரத்தைக் கண்டுகொள்ளாது. போட்டேன். இடைவெளி சீரானது, ஆனால் தொப்பியின் முனை மேல் வரியிலிருந்த ஒய்-யின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது, பெரிதாக்கிப் பார்த்தாலும் எது தொப்பி எது வால் என்று பிரியவில்லை. தனி வரியில் டிஸ்ப்ளேயாக இறக்கியிருக்கலாம்தான், ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க இதே மாதிரி அம்புகள், எல்லாவற்றையும் இறக்கினால் பக்கம் எங்கே நிற்கும்?

அதனால் அம்புத் தொடரை இரண்டாகப் பிரித்தேன்: எஃப், முக்காற்புள்ளி, ஏ அம்பு பி என்று ஒன்று, ஜி-க்கு அதே மாதிரி இன்னொன்று, நடுவில் 'மற்றும்'. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற முறைதான். அடுத்த வாக்கியம், இந்த வரிசை பி-யில் எக்ஸாக்ட் என்றது. அதாவது எஃப்-இன் பிம்பமும் ஜி பூஜ்ஜியமாக்கும் பகுதியும் ஒன்றே. அதற்கு இரண்டு சார்புகள் தெரிந்தால் போதும், துறைக்காரர் யாரும் குழம்ப மாட்டார். ஆனால் வரிசை என்று கைகாட்டிய இடத்தில் வரிசை இல்லை, அவள் சொன்னது அதைத்தான், அதற்கு நான் சொன்னது பதிலே இல்லையோ என்னவோ.

இப்படி மாற்றலாமா என்று ஆதருக்குக் கொயரி வைக்கவில்லை. ப்ரூஃப் திரும்பி வந்தது, அதே பக்கத்தில் வேறொரு வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தார். இதைத் தொடவில்லை. பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாரா, பார்க்கவே இல்லையா? காற்புள்ளியைப் பார்த்தவர் கண்ணில் இது படாமலா போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்து வந்த ஒரு கட்டுரையில் அம்புகளை அப்படியே விட்டேன், வெள்ளை தெரிந்தால் தெரியட்டும் என்று. க்யூசி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியது. அடுத்தடுத்த வாக்கியங்களைப் படித்துவிட்டுத்தான் பிரித்தேன், சிலவற்றை மட்டும்.