அக்கி எழுதும் வீட்டிலிருந்து, மந்திரம் கேட்கும் தம்பிக்கு

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் போனில் கூப்பிட்டான். "அண்ணே, உங்க வீட்ல மந்திரம் உண்டாமே. எனக்கும் ஒண்ணு சொல்லித்தாங்க. எத்தனை நாள்ல பலிக்கும்?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். மண்பாண்டக் குடும்பம். அக்கி வந்தால், அதாவது உடம்பின் ஒரு பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பினால், குயவர் வீட்டைத் தேடிப் போவது நம் ஊர்களில் பழைய வழக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவுடைய அப்பா, காவிக் கல்லை உரைத்துத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றி எழுதுவார். பக்கத்தில் ஒரு சிங்கம் வரைவார். எழுதி முடிக்கும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். சத்தம் வராது. மூன்று நாள் எழுதுவார். காசு தொடமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார்.

1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள், சூரிய கிரகணம். எனக்கு 17 வயது. காலையிலேயே ஐயா என்னை ஊருணிக்கு அழைத்துப்போய்க் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்தார். கிரகணம் பிடித்ததிலிருந்து விடுகிறவரை மந்திரத்தை விடாமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன உரு ஏறும் என்பது நம்பிக்கை. விரல் கணுவில் எண்ணிக்கொண்டே சொன்னேன். பாதிக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. கண்ணுக்குள் ஏதாவது தெரியும், உடம்புக்குள் ஏதாவது இறங்கும் என்று காத்திருந்தேன். குளிர்ந்தது, பசித்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. கரையேறியபோது ஐயா துண்டால் தலையைத் துவட்டிவிட்டு, "இனிமே பதறாம இருப்ப" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் சொன்னது சரி. சொல்கிற ஆளுக்கு மந்திரம் என்ன தரும் என்று கேட்டால், என் அனுபவத்தில் முதலில் மூச்சைத் தரும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மெதுவாகச் சொல்லும்போது மூச்சு தானாக நீள்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர்கள் இதை அளந்தே எழுதியிருந்தார்கள். ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் வந்து நின்றதாம். படித்தபோது எனக்கு ஊருணித் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. இது ஒரே நாளில் வருவதில்லை. எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

ஆனால் அந்தத் தம்பி கேட்டது மூச்சு இல்லை. துருவிக் கேட்டபோது சொன்னான், ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். வசியம் வேண்டுமாம். வசியம், மயக்குகிற மோகனம், அசையாமல் கட்டிப்போடுகிற தம்பனம், உயிரை எடுக்கிற மாரணம் என்று இப்படி எட்டு வகையாகப் பழைய ஏடுகள் பிரித்து வைத்திருக்கின்றன. ஐயா அவற்றின் பெயர் சொன்னதோடு சரி, ஒன்றையும் சொல்லித்தரவில்லை. ஒருவர் மனதை இன்னொருவர் சொல் திருப்பி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திருப்ப முடியும் என்றாலும் அதைச் செய்யக்கூடாது தம்பி. அவள் வேண்டாம் என்று சொன்னது அவளுடைய சொல். அதற்கு மேல் நமக்கு மந்திரம் கிடையாது. 24 மணி நேரத்தில் பலிக்கும் என்று விளம்பரம் போடுகிறவனிடம் பணம் கட்டிவிடாதே. நோய் தீரும் என்று தாயத்தையும் மந்திரத்தையும் விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954லேயே சட்டம் போட்டாயிற்று. அப்படியிருந்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை.

சரி, அக்கி எழுதிக்கொள்ள வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒருமுறை ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் நான் கை வைத்ததும் அழுதுவிட்டார். ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் பத்து நாளாக யாரும் பக்கத்தில் வரவில்லையாம். தட்டைக்கூட தள்ளித்தான் வைத்தார்களாம். நான் அரை மணி நேரம் அவர் முதுகோடு உட்கார்ந்திருந்தேன். காவி காயக் காயக் குளிர்ச்சி. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று மறுநாள் சொன்னார். அது உண்மையான பலன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அக்கியை ஆற்றுவது காவியும் இல்லை, மந்திரமும் இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது.

2011இல், ஐயா போன பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு நெற்றியில் அக்கி. கழுத்துக்கு மேல் வந்தால் ஐயா எழுதமாட்டார், "கண்ணு இருக்குப்பா" என்பார். எனக்கும் தெரியும். ஆனால் பெரியம்மா, "உங்க ஐயா கை உனக்கு வந்திருக்குப்பா, நீயே எழுது" என்றார். அந்தச் சொல்லில் நான் மயங்கிப்போனேன். மூன்று நாள் எழுதினேன். நான்காம் நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "என்னைக்கு ஆரம்பிச்சது?" அக்கிக்கு மாத்திரை இருக்கிறது, கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும் என்றார். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்பின் வேரில் தூங்கிக் கிடந்து, வயதான பிறகு அந்த ஒரு நரம்பின் வழியாகவே வெளியே வருகிறதாம். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வாரடித்த மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். ஐயா எழுதி ஆறாத அக்கி இல்லை என்று ஊரே சொல்லும். எழுதாத அக்கியும் ஆறும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் சொன்னார், மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம், உடனே வந்திருக்க வேண்டும் என்று. பெரியம்மாவுக்கு மூக்கு நுனியில் இரண்டு இருந்தன. அவற்றின் மேலேயும் நான் காவி பூசியிருந்தேன்.

கண் போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் இன்றும் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரிகிறது. நெற்றி வலி தீர பத்து மாதம் ஆனது.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எத்தனை நாளாச்சு?" பைக்கில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். மாத்திரை வாங்கிய பிறகுதான் இறகை எடுப்பேன். உடைந்த கொப்புளத்தின் மேல் காவி படவிடமாட்டேன், சீழ் பிடிக்கும். பாம்புக்கடி, தேள்கடி என்று பார்வை பார்க்க வந்தால் ஒரு நிமிடம்கூட உட்காரவைப்பதில்லை. முக்கால்வாசிப் பாம்புக்கு விஷமே கிடையாது, நல்ல பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. மந்திரிக்கிறவர்களுக்குப் பேர் கிடைப்பது இப்படித்தான். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது. பார்வை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடும்.

போன தை மாதம் பெரியம்மா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் அக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். "நேத்தே டாக்டரைப் பாத்தாச்சுப்பா. இவளுக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்காம். நீ எழுதிவிடு."

காவிக் கல்லை எடுத்து உரைத்தேன்.