ஐந்தாம் நாளும் இருந்த குழாய்

சர்ஜரி வார்டில் சேர்ந்த புதிதில், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் போடத் தெரிந்தால் போதும், தொற்று வராது என்று நினைத்திருந்தேன். போட்ட பிறகு அது எத்தனை நாள் கிடக்கிறது என்று எண்ணியதில்லை.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டிக்கு ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல். காயம் நன்றாகவே இருந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் போர்வையை விலக்கி, "இது ஏன் இன்னும் இருக்கு?" என்றார். எல்லோரும் கேஸ் ஷீட்டைப் பார்த்தோம். பதில் எனக்குத் தெரியும்: ராத்திரியில் பாட்டியைப் புரட்டி பெட்பேன் வைக்க ஆள் போதாது. குழாய் இருந்தது எங்கள் வசதிக்காக.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். குழாயின் சுவரில் அவை படலமாக ஒட்டிக்கொண்டால், ஆன்டிபயாடிக் கொடுத்தும் முழுதாகப் போகாது. எடுப்பதுதான் வழி.

அப்புறம் ஷிப்ட் மாறும்போதெல்லாம் "எத்தனாவது நாள், எதற்காக?" என்று கேட்க ஆரம்பித்தேன். சிறுநீர்ப்பையிலேயே ஆபரேஷன், மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டிய நிலை என்றால் சரி, இருக்கட்டும். மற்ற பலருக்கு 24 மணி நேரத்துக்கு மேல் அவசியமில்லை. எடுத்த பிறகு தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகில் மயக்க ஊசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். அப்போதும் குழாயை மறுபடி போட்டு, ஒருமுறை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, தொங்கினால் இடிக்கும் என்று, குழாயோடு இணைத்த, சிறுநீர் வந்து சேரும் பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். அக்கறையோடுதான்! ஆனால் பையில் இருந்தது திரும்ப உள்ளே ஓடும். பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையையும் தொடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரே ஜாடியில் பத்துப் பேர் பையைக் காலி செய்யும் வழக்கமும் இருந்தது. அதை நிறுத்த ஒரு சண்டையே போட வேண்டியிருந்தது.

போன வாரம் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த பெரியவருக்கு மறுநாள் காலையிலேயே குழாயை எடுத்தேன். "நிம்மதியா படுத்திருந்தேன் சிஸ்டர், இப்ப எழுந்து நடக்கணுமா?" என்று முறைத்தார்.

"நடக்கணும் ஐயா."

முனகிக்கொண்டே சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போனார். நான் வாசலில் நின்று, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.