மலைச்சாலைக்கு வடிகால் கேட்டு அலைந்த அனுபவம்

வடகிழக்குப் பருவமழை முடிந்து, எங்கள் மலைச்சாலை இந்த வருஷம் அறுந்து போகாமல் தாங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன். கொங்கு நாட்டைச் சுற்றி மலைச்சாலைகளுக்குக் குறைவில்லை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அதெல்லாம் ஊருக்கே தெரிந்த ரோடு, மண் சரிந்தால் அன்றைக்கே டிவியில் வந்துவிடும். எங்களுடையது அப்படி இல்லை. மேலே சில ஊர்கள், கீழே ஒரு சந்தை, நடுவில் காடு, அவ்வளவுதான். எந்த ரோடு, எந்த ஆபீஸ் என்று பெயர் போடவில்லை. இன்னும் அங்கே எங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது, அதே ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

நான் அந்த ரோட்டில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ராகி, குச்சிக்கிழங்கு, பால் கேன் கீழே இறங்கும். அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் மேலே ஏறும். முந்தின வருஷ மழையில் ஒரு வளைவுக்குக் கீழே ரோட்டில் பாதி அப்படியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. பஸ் நின்றது. நிறைமாசப் பெண் ஒருத்தரைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, உடைந்த இடத்தைத் தாண்டி என் வண்டியில் ஏற்றினோம். நல்லபடியாகப் பிறந்தது. ஜேசிபி வந்து மண்ணை அள்ளியது, மணல் மூட்டை அடுக்கினார்கள், ஒரு பக்கமாக வண்டி விட்டார்கள். இதெல்லாம் வேகமாகவே நடந்தது, குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். மூட்டை வெயிலில் மக்கிக் கிழிந்து மண் கொட்டுகிற வரைக்கும் வேறு ஒருத்தரும் வரவில்லை.

மனு எழுதிக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேரோடு போனேன். முதலில் போன நெடுஞ்சாலைத் துறை ஆபீசில் மனுவை வாங்கக்கூட இல்லை. "இது எங்க லிமிட்டு இல்லீங்க, யூனியன் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். யூனியன் ஆபீசுக்குப் போனால், அது நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றார்கள். மறுபடி பழைய இடத்துக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க என்றார்கள். கூட வந்தவருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும், மலையில் இருந்து விடிகாலையில் இறங்கி வந்தவர், அந்தத் தாழ்வாரத்தில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. இன்னமும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதனால் முதல் விஷயம்: உங்கள் ரோடு யாருடையது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஒரே ரோடாகத் தெரியும், ஆனால் அடிவாரம் வரைக்கும் ஒருத்தர், மலை ஏறியதும் இன்னொருத்தர், கடைசி ஊருக்குப் போகிற கிளை ஊராட்சி ஒன்றியம் என்று பிரிந்திருக்கும். நெடுஞ்சாலைத் துறைக்குள்ளேயே தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு பிரிவு, கட்டுமானம் பராமரிப்புக்கு ஒரு பிரிவு என்று தனித்தனி ஆபீஸ். ரோட்டு ஓரம் தாண்டினால் வனத்துறை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், எந்த ஆபீசுக்கு அனுப்பினோம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு ரோடு யாருடையது என்று எழுத்தில் வந்தது அந்த வழியில்தான்.

அடுத்த முட்டுக்கட்டை கிலோமீட்டர் கல். எந்த இடம் என்று கிலோமீட்டர் கணக்கில் எழுதினால்தான் பதிவேட்டில் ஏற்ற முடியும் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கல்லே சரிவோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது! அதைச் சொன்னபோது, கல் இல்லாமல் ஏற்க முடியாது என்றே மனுவைத் திருப்பித் தந்தார்கள். முன்னால் நிற்கிற கல்லில் இருந்து டேப் பிடித்து அளந்து, "இந்தக் கல்லில் இருந்து இத்தனை மீட்டர், பள்ளத்துப் பக்கம்" என்று எழுதி, தேதியும் ஜிபிஎஸ் எண்ணும் விழுகிற கேமரா ஆப்பில் போட்டோ எடுத்து ஒட்டிக் கொடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் ரோட்டில் இருக்கிற எல்லாக் கல்லையும், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறுபாலத்தையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

பதில் வந்தது. நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் பணி எடுக்கப்படும் என்று ரெண்டு வரி, மனு முடித்து வைக்கப்பட்டது என்று இன்னொரு வரி. ஊரில் பலர் அதோடு விட்டுவிடலாம் என்றார்கள். நான் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். இதில் கேள்வி கேட்கிற விதம் முக்கியம். "ஏன் இன்னும் சரி செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்பது தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம். ஆவணத்தைக் கேட்க வேண்டும். இந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனை சிறுபாலம் இருக்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது, அதற்கான அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற புத்தகம்) நகல், சேதத்துக்குப் போட்ட மதிப்பீட்டின் நகல். இந்த நாலும் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அவர்களுடைய சப்ஜெக்ட் இல்லை என்றால் 5 நாளுக்குள் உரிய ஆபீசுக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், நம்மை அலைய விட முடியாது. சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது.

கெடு தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்கப்புறம் வந்த கவரில், சரிந்த வளைவுக்கு மேலே இருக்கிற சிறுபாலம் மழைக்கு முன்னால் தூர் வாரப்பட்டதாக எழுதியிருந்தது. அந்தச் சிறுபாலத்தின் வாய் மண்ணும் உன்னிச்செடியும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைத்துக் கிடந்த போட்டோ, தேதியோடு, என்னிடம் இருந்தது. அந்த ரெண்டையும் ஒன்றாகப் பின் அடித்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். எங்கள் மனு நகர ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரோடு இடிந்தால் ஊரில் எல்லோரும் தடுப்புச்சுவர் கட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். என் மாமா ஒருத்தர் கொத்தனார், மலைப்பக்கம் நிறையச் சுவர் கட்டியவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இங்க செவுரு கேக்காதீங்க, மொதல்ல தண்ணிக்கு வழி கேளுங்க" என்றார். மேலே சரிவில் இறங்குகிற மழைத்தண்ணீர் மலைப்பக்க ஓரக் கால்வாயில் விழுந்து, சிறுபாலம் வழியாக ரோட்டுக்கு அடியில் போய்ப் பள்ளத்தில் சேர வேண்டும். சிறுபாலம் அடைத்தால் தண்ணீர் ரோட்டின் மேல் குறுக்கே பாயும், பள்ளத்துப் பக்க விளிம்பை அரிக்கும், மீதி ரோட்டுக்கு அடியிலேயே ஊறும். ஊறின மண்ணுக்கு எடை கூடும், பிடிப்பு குறையும். அந்த மண்ணுக்கு முன்னால் சுவர் கட்டி வைத்தால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் அணை மாதிரி தேங்கி, சுவரையும் சேர்த்துத் தள்ளிவிடும். சுவரில் விடுகிற நீர்க்கசிவுத் துளையும், அதன் பின்னால் வெறும் மண்ணாக இல்லாமல் சல்லியும் கல்லும் போட்டு நிரப்புவதும் அதனால்தான்.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, ஆனால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலோரத்தில் புயல் என்றால் நமக்கென்ன என்று இருக்க முடியாது, அந்த மழை உள்ளே நகர்ந்து வந்து நம் மலையில்தான் கொட்டுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்ததும் இந்த மாதிரி கொட்டின மழையில்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கச் சாலைகளில் சரிவுக்குள் இரும்புக் கம்பி செருகி, வலை விரித்து, புல் விதை தெளித்துப் பிடிக்க வைத்திருப்பதை இப்போது போகிறவர்கள் பார்க்கலாம். எங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை கிடைக்காது என்று தெரியும். ஓரக் கால்வாய், சிறுபாலம், சரிவுக்கு மேலே தண்ணீரைத் திருப்புகிற ஒரு கால்வாய், பள்ளத்துப் பக்கம் கம்பி வலைக்கூடையில் கல் அடுக்குவது, இவ்வளவுதான் கேட்டோம். வலைக்கூடைக்குள் தண்ணீர் புகுந்து வெளியே போய்விடும், கொஞ்சம் மண் இறங்கினாலும் கூடை வளைந்து கொடுக்கும்.

பொறியாளர் முதலில் வந்தது நல்ல வெயிலில். இறங்கிப் பார்த்தார், "இப்ப ஒண்ணும் தெரியலீங்களே" என்றார். அவர் சொன்னது உண்மை. காய்ந்த ரோட்டில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம் நான் வளைவிலேயே வண்டியை ஓரம் கட்டி, அவருக்கு போனில் வீடியோவாகக் காட்டினேன். சிறுபாலத்தைத் தாண்டி ரோட்டின் மேல் செங்காவித் தண்ணீர் ஓடுவதையும், மணல் மூட்டைக்கு அடியில் இருந்து குமிழி விட்டு மண் கரைந்து வெளியே வருவதையும் பார்த்தவர், அடுத்த நாள் அவராகவே வந்தார். குடை பிடித்துக்கொண்டு அந்த ஓரக் கால்வாயில் இறங்கி நடந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. தற்காலிகச் சீரமைப்பு என்று இருந்ததை நிரந்தரச் சீரமைப்பாக மாற்றி மதிப்பீடு எழுதியது அவர்தான். மனுவில் நிரந்தரச் சீரமைப்பு என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள், தற்காலிகம் என்றால் மணல் மூட்டையோடு சரி.

அப்புறம் வனத்துறை. காட்டுக்குள் வேலை என்றதும் கோப்பு நின்றுவிட்டது. புதிதாக மரம் வெட்டி அகலப்படுத்துவதற்கும், இருக்கிற ரோட்டை இருக்கிற அகலத்தில் பழுது பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980 அக்டோபர் 25ல் வந்தது. அதற்கு முன்னாலேயே இருந்த ரோடு என்று காட்டினால் பழுது வேலைக்குப் பாதை கொஞ்சம் சுலபம். எங்களிடம் அதைக் காட்டக் காகிதம் எதுவும் இல்லை, கேட்ட இடத்திலும் பழைய பதிவேடு இல்லை என்றார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்தான் சொன்னார்: "அந்தப் பாலத்துக் கைப்பிடிச் செவுத்துல வருசம் வெட்டியிருக்கும் சாமி, பாசியச் சொரண்டிப் பாருங்க." சுரண்டினோம். 1980க்கு ரொம்ப முன்னால் கட்டின வருஷம் கல்லில் தெளிவாக இருந்தது. அந்தப் போட்டோவும், கிராம சபைத் தீர்மானமும் சேர்த்துக் கொடுத்த பிறகு அனுமதி வந்தது. கிராம சபையைத் தவற விடாதீர்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது.

வேலை நடந்தபோது ஊர் இளைஞர்கள் மாறி மாறிப் போய் நின்றார்கள். சண்டை போடவில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டின மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளப் பார்த்தார்கள், அதை நிறுத்தச் சொன்னோம். கீழ்ச் சரிவில் மண்ணைக் கொட்டினால் அடுத்த சரிவுக்கு நாமே பாரம் ஏற்றுகிறோம். இன்னொரு இடத்தில் சின்னச் சுவரின் கசிவுத் துளையில் பூசும்போது சிமெண்ட் அடைத்திருந்தது, மாமா கம்பி விட்டுக் குத்திக் காட்டியதும் திறந்துவிட்டார்கள்.

இந்த மழைக்கு ஓரக் கால்வாய் நிரம்பி ஓடியது, சிறுபாலம் தண்ணீர் முழுவதையும் இழுத்தது, பஸ் ஒரு நாளும் நிற்கவில்லை. சரிவுக்கு மேலே கேட்ட கால்வாய் மட்டும் இன்னும் வரவில்லை, அடுத்த நிதியாண்டு என்கிறார்கள். அதற்கான மனு எண்ணை வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் மழைக்காலத்தில் அந்த வளைவைத் தாண்டுகிறவர்கள் ரோட்டு ஓரத்தில் நீளவாக்கில் புது விரிசல், நேராக நின்ற மரம் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இதில் எதைப் பார்த்தாலும் வண்டியை முன்னாலேயே நிறுத்திவிட்டு, எதிரில் வருகிறவர்களையும் நிறுத்தி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குக் கூப்பிட்டு கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.