எழுத்தைக் கொடுத்தால் சொல்லைப் பிடி

ஜூன் 7, சனி, தக்கலை

மத்தியானம் பிடித்த மழை விட்டபாடில்லை. அக்கா மகன் நாளிதழின் ஆங்கிலப் புதிர்ப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஈ, ஐ, எல், என், எஸ், டி. இந்த ஆறு எழுத்தையும் மாற்றிப் போட்டு எத்தனை சொல் பிடிக்கலாம்?

எழுத்துகளை வட்டமாக எழுதச் சொன்னேன். வரிசையாக இருந்தால் கண் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும். 'சைலன்ட்' உடனே விழுந்தது. 'லிசன்' மட்டும் வரவே இல்லை. பையன் ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். 'லிசன்' என்று சொல்லும்போது அந்த டி வாயில் வருவதே இல்லையே, எப்படிச் சிக்கும்? எழுதியதை அப்படியே வாசித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் தடுக்கிறது. "மக்களே, வாயை மூடிட்டுக் கண்ணால பாரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டான். அப்புறம் அகராதியின் துணையோடு என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ். ஐந்து சொல்லுக்கும் அதே ஆறு எழுத்துதான்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய நோட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியாயிற்று. முறை எளிது. எந்தச் சொல்லாக இருந்தாலும் அதன் எழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கித் தலைப்பாக எழுத வேண்டும். லிசனை அடுக்கினாலும் டின்சலை அடுக்கினாலும் ஈ-ஐ-எல்-என்-எஸ்-டி என்றுதான் வரும். ஆகவே எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் தானாகச் சேர்ந்துவிடும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கோக்கும் ஸ்கிராபிள் விளையாட்டைத் தீவிரமாக ஆடுகிறவர்கள் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஏ-ஈ-ஆர்-எஸ்-டி என்று ஒரு பக்கம் தொடங்கினோம்: ஸ்டேர், ரேட்ஸ், டியர்ஸ், ஆஸ்டர். எனக்கு இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது.

ஜூன் 11, புதன்

இன்று வேறு வகை. கொடுத்த எழுத்துகள் சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதும், கூட எத்தனை எழுத்தும் வரலாம். இதற்கு அடுக்கும் முறை உதவாது. அரிதான எழுத்தை முதலில் பிடிக்க வேண்டும். க்யூவும் இசட்டும் கொடுத்தேன். க்யூ வந்தால் யூ அநேகமாகப் பின்னாலேயே வரும் என்பதால் பாதி வேலை முடிந்தது: குவிஸ், குவார்ட்ஸ், ஸ்குவீஸ்.

எது அரிது என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். ஸ்கிராபிள் பெட்டியைத் திறந்து காட்டினேன். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், நாளிதழின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி உருவாக்கிய விளையாட்டு அது. 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. க்யூவும் இசட்டும் ஆளுக்கு ஒன்றுதான், 10 புள்ளி. எஸ் நான்கே நான்கு. கூடுதலாகக் கொடுத்தால் எல்லாரும் பன்மையாக்கியே ஜெயித்துவிடுவார்களே! அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜூன் 15, ஞாயிறு, முட்டம்

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. கடல் நல்ல சீற்றம்.

ஜி-எச்-டி-எச் நான்கும் இதே வரிசையில், இடைவெளி இல்லாமல் வரும் சொல் வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். உள்ளங்கையில் பால்பாயிண்டால் எழுதிக்கொண்டு வந்தான். சாரல் பட்டு மை கலங்கி, எச் இரண்டும் 'என்' எழுத்துப் போலத் தெரிந்தன. பாறைமேல் ஏறி நின்றவன் திடீரென்று, "மாமா, லைட்ஹவுஸ்!" என்று கத்தினான். எதிரே நிற்கிறது, சிவப்பும் வெள்ளையுமாக.

அதிலிருந்து பெரிய விஷயம் ஒன்று கைக்கு வந்தது. நாலு மெய்யெழுத்து இப்படி முட்டிக்கொண்டு நின்றால் அங்கே இரண்டு சொல் சேர்ந்த தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'லைட்' முடிகிற இடத்தில் 'ஹவுஸ்' தொடங்குகிறது. 'நைட்ஹுட்'டிலும் (வீரர் பட்டம்) 'நைட்' முடிந்த இடத்தில் 'ஹுட்' ஒட்டுகிறது. எச் அடுத்தடுத்து இரண்டு வர வேண்டுமா? மீன் தூண்டிலுக்கான 'ஃபிஷ்ஹூக்', அப்புறம் 'வித்ஹோல்ட்', 'ஹிட்ச்ஹைக்கர்'. 'எய்த்த்' (எட்டாவது) மட்டும் வேறு மாதிரி. எயிட்டோடு கடைசியில் ஒரு எச் ஒட்டி அதே நான்கு எழுத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள, கோப்புக்குள் எழுத்துத் தேடும் 'கிரெப்' கட்டளையைக் காட்டினேன். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1970களில் முதலில் எழுதியது. சொற்பட்டியல் கோப்பு ஒன்றும் தேடும் எழுத்துகளும் கொடுத்தால் போதும், அவை அதே வரிசையில் உள்ள வரிகளை எல்லாம் கொட்டிவிடும். தெரியாத எழுத்துக்குப் பதில் புள்ளி வைக்கலாம்.

ஆனால் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் கணினி என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்ட தையலைப் பட்டியல் காட்டாது, சொல்லை மட்டும்தான் காட்டும். பையனும் சரி என்று மூடி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டான். டபிள்யூ-கே-டபிள்யூ கொடுத்திருக்கிறேன்.